சாய்தளம் கட்டிக் கொடுத்தோம்... ஆச்சி அதில் ஏறவே இல்லை!

போன வருஷம் ஒரு மதியம் நான் ஒரு பட்டியல் எழுதினேன். 'வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? இந்த 10 விஷயங்களை உடனே செய்யுங்கள்!' என்று தலைப்பு. வாசலில் சாய்தளம், பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, ராத்திரி விளக்கு... நாலைந்து வெப்சைட்களைப் பார்த்து முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை அப்படித்தான். அன்றைக்கு அது நன்றாகவே ஓடியது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். பெரியப்பா கைதட்டும் எமோஜி அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து, விடிகாலை ஐந்து மணிக்கு அப்பாவிடமிருந்து போன்.

"ஆச்சி விழுந்துட்டாங்க. கக்கூஸ் வாசல்ல. எந்திரிக்க முடியல."

ஆச்சி என்றால் அப்பாவைப் பெற்ற ஆச்சி. வயது 78. அதுவரை யார் துணையும் இல்லாமல் இளையரசனேந்தல் பஸ் ஸ்டாப் வரை நடந்துபோய் வெற்றிலை வாங்கி வந்தவர். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் நடந்தது. பத்தாம் நாள் ஒரு வாக்கரும் மாத்திரைச் சீட்டும் கொடுத்து அனுப்பினார்கள். சீட்டில் 'தினமும் நடக்க வைக்கவும்' என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

கரிசல் மண்ணும் உயரமான வாசலும்

எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் பக்கம், ரெண்டு புறமும் கரிசல் காடு. மழை பெய்தால் அந்த மண் உப்பும். வெயிலில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். வீடு கட்டுகிறவர்கள் இதற்குப் பயந்துதான் அஸ்திவாரத்தைத் தூக்கிக் கட்டுவார்கள். மழைத்தண்ணியும் உள்ளே வராது. எங்கள் வீட்டுத் திண்ணை, தெருவிலிருந்து சரியாக 27 இன்ச் உயரம். மூன்று படி. அதைத் தாண்டினால் மர நிலைவாசல். அதைத் தாண்டினால் பட்டாசாலை. அப்புறம் அடுப்படி. புறவாசலில் மறுபடி ரெண்டு படி இறக்கம். அங்கிருந்து இருபது இருபத்தைந்து எட்டு நடந்தால் கக்கூஸ். அதற்கும் ஒரு படி.

ஒரு ஆள் ராத்திரி எழுந்து கக்கூஸுக்குப் போய்த் திரும்ப எத்தனை படி, எத்தனை நிலை தாண்ட வேண்டும் என்று எனக்கு 24 வயது வரை எண்ணத் தோன்றியதே இல்லை.

அப்பா ஒன்றும் சும்மா இருக்கவில்லை. என்னுடைய பட்டியலைத்தான் திறந்தார். முதல் பாயின்ட், சாய்தளம். கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரே நாளில் மூன்று படியையும் மூடி, செங்கல் ஜல்லி போட்டு, சிமென்ட் பூசிவிட்டார்கள். ஐந்து அடி நீளம். மேலே பளபளவென்று டைல்ஸ். செலவு 6,500 ரூபாய். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். நான் ஹார்ட் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது, கடன் வாங்கி வந்த சக்கர நாற்காலியில் ஆச்சியை உட்கார வைத்து அப்பாவும் நானும் அதில் தள்ளினோம். பாதியில் நின்றுவிட்டது. என் கால் டைல்ஸில் வழுக்கியது. நாற்காலி பின்னால் சரிய, அப்பா முழங்காலைக் கொடுத்துத் தடுத்தார். ஆச்சி ஒரு சத்தமும் போடவில்லை. கீழே இறக்கின பிறகு சொன்னார்:

"லாரியில மாட்ட ஏத்துற மாதிரி ஏத்தப் பாக்கீக. என்னைய விட்ருங்க. நான் உள்ளயே கெடந்துக்கிடுதேன்."

தூக்கிக்கொண்டுபோய் உள்ளே விட்டோம். அதற்கப்புறம் ஆச்சி வாசலுக்கு வரவே இல்லை.

ஆச்சி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

அடுத்த மாதம் ஆச்சிக்குக் காய்ச்சல். சிறுநீரில் கிருமித்தொற்று என்றார்கள். 'நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க' என்றார்கள். அம்மா சொம்பில் தண்ணீர் வைத்தார். அது அப்படியே இருந்தது.

அம்மாவுக்குக் கோபம். "பிடிவாதம்டி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒரு வாய் குடிக்க மாட்டேங்காங்க."

ஏன் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. கேட்டது அக்காதான்.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். சென்னையில் ஆக்குபேஷனல் தெரபி படித்தவர். எட்டு வருஷம் அங்கேயே குழந்தைகளுக்கான தெரபி சென்டரில் வேலை பார்த்தார். மாமாவுக்குக் கோவில்பட்டிக்கு மாற்றல் ஆனதும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவரை பிசியோதெரபிஸ்ட் என்றே சொல்வார்கள். மீதிப் பேர் 'ஆக்குபேஷன்' என்றால் வேலை என்பதால், வேலை வாங்கித் தருகிறவர் என்று நினைத்து பையனின் பயோடேட்டாவை அனுப்புவார்கள்.

அக்கா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். "காலை மடக்கி நீட்ட வைக்கிறது பிசியோ. அந்தக் காலை வச்சுக்கிட்டு கக்கூஸுக்குப் போறது, குளிக்கிறது, சேலை கட்டுறது, உலை வைக்கிறது... அதெல்லாம் நடக்குதான்னு பாக்குறது என் வேலை. ஆளை மாத்த முடியலேன்னா வீட்டை மாத்தணும்."

இந்தப் படிப்பு நம் நாட்டுக்கு வந்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. அமெரிக்காவில் பிறந்து இங்கே மருமகளாக வந்த கமலா நிம்ப்கர், 1950-ல் பம்பாயில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம்மூர்ப் பக்கமும் இந்தச் சிந்தனை புதிதில்லை. 1954-ல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். வேலூர் சி.எம்.சி-யில் 1966-ல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையத்துக்கு அவர்தான் முன்னோடி. எங்கள் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி தேர்வில் அடிபட்டு கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு இருந்தும், இடுப்பு முறிந்த ஒரு கிழவிக்கு வாசல்படியை எப்படி மாற்ற வேண்டும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் டேப்பை எடுக்கவில்லை

அக்கா வந்தார். கையில் இன்ச் டேப், நோட்டு. சாய்தளத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஆச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஆச்சி, காலையில கண்ணு முழிச்சதுல இருந்து சொல்லுங்க. என்னென்ன செய்வீக?"

ஆச்சி சொல்லச் சொல்ல, அரை மணி நேரம் ஓடியது. நாங்கள் யாரும் அவரிடம் இவ்வளவு நேரம் பேசி மாசக் கணக்காகியிருந்தது. அந்தப் பேச்சில்தான் தண்ணீர் சங்கதி வந்தது.

"நாலு மணிக்கு மேல தண்ணி குடிச்சா ராத்திரி ரெண்டு தரம் எந்திரிக்கணும். ஒவ்வொரு தரமும் உங்க சித்திய எழுப்பணும். அவளும் பகல் பூரா மாடா உழைக்கா. அதான் குடிக்கது இல்ல."

அடுப்படியில் நின்றிருந்த அம்மா அப்படியே உள்ளே திரும்பிக்கொண்டார்.

அக்கா அடுத்ததாக, "உங்களுக்கு எது முடிஞ்சா போதும்னு இருக்கு?" என்று கேட்டார். ஆச்சி யோசிக்கவே இல்லை. ஒன்று, ராத்திரி யாரையும் எழுப்பாமல் போய் வர வேண்டும். ரெண்டு, சாயங்காலம் திண்ணையில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். தெருவில் இறங்கி நடக்க வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. திண்ணை வரை போக எந்தச் சாய்தளமும் தேவையில்லை. நிலைவாசலின் மூன்று இன்ச் கட்டை ஒன்றுதான் தடை. நாங்கள் 6,500 ரூபாய் செலவழித்தது, அவர் கேட்காத ஒன்றுக்கு.

அதற்கப்புறம்தான் டேப் வெளியே வந்தது.

"சாய்தளத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. ஒரு இன்ச் உயரத்துக்குப் பன்னிரண்டு இன்ச் நீளம். உங்க வாசல் 27 இன்ச். அப்போ 27 அடி நீளம் வேணும். நீங்க போட்டிருக்கிறது அஞ்சு அடி சித்தப்பா."

27 அடிக்கு எதிர்வீட்டுக்குள்தான் போக வேண்டும். அப்பா தலையைச் சொறிந்தார். நான் போனைப் பார்த்தேன். என் பட்டியலில் 'சாய்தளம் அமையுங்கள்' என்று இருந்ததே தவிர, இந்தக் கணக்கு இல்லை.

என்ன செய்தார்?

முதலில் கட்டில். ஆச்சியின் கயிற்றுக் கட்டில் தொட்டில் மாதிரி தொங்கிப்போயிருந்தது. அதிலிருந்து எழுவதே மலை ஏறுவது போல. முழங்கால் உயரத்துக்குக் கீழே உட்காரவே கூடாது என்பதால், மரக்கட்டிலுக்கு மாற்றி, நாலு காலுக்கும் கட்டை கொடுத்து உயர்த்தினார். அன்றைக்கே ஆச்சி தானாக எழுந்து நின்றார்.

ராத்திரிக்கு, கட்டில் பக்கத்தில் வைக்கும் கமோடு நாற்காலி. ஆச்சி ஒரேயடியாக மறுத்தார். "பட்டாசாலையிலயா? சாமி படத்துக்கு முன்னாலயா? அதுக்கு நான் செத்துப் போலாம்." நானாக இருந்தால், 'உடம்பு முடியாதப்ப இதெல்லாம் பார்க்கக் கூடாது' என்று வாதாடியிருப்பேன். அக்கா வாதாடவில்லை. அடுப்படிக்குப் பின்னால், நெல் மூட்டை போட்டிருந்த சின்ன அறையைக் காலி செய்யச் சொன்னார். கட்டில் அங்கே போனது. நாற்காலிக்கு முன்னால் பழைய சேலையில் ஒரு திரை. சுவிட்சு கைக்கு எட்டுகிற இடத்தில். ஆச்சி ஒத்துக்கொண்டார்.

பகலுக்கு, கக்கூஸ். புறவாசலின் இறக்கத்தில் இருந்த ரெண்டு படியை, பாதி உயரத்தில் நாலாக்கினார். ஒவ்வொரு படியும் வாக்கரின் நாலு காலும் நிற்கிற அகலம். ரெண்டு பக்கமும் இரும்புக் குழாய். டைல்ஸ் கூடாது, சிமென்ட்டில் சொரசொரப்பாகக் கோடு இழுக்க வேண்டும். கரிசல் மண் என்பதால் ஒன்றரை அடி தோண்டி, சரள் மண் நிரப்பி இடித்த பிறகுதான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையில் படி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

உள்ளே, உயரமான வெஸ்டர்ன் கோப்பை. கைப்பிடிக்கு அப்பா ஏற்கெனவே ஒரு ஸ்டீல் கம்பி வாங்கி வைத்திருந்தார். அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது டவல் போடுற கம்பி சித்தப்பா. ஆள் தொங்கினா சுவரோட வந்துடும்" என்றார். ஒற்றைச் செங்கல் சுவரில் திருகாணி நிற்காது. எனவே சுவரைத் துளைத்து, வெளிப்புறம் தகடு வைத்து போல்ட் போட்டார் கொத்தனார்.

எனக்கு மறக்காமல் இருப்பது கதவு. உள்பக்கம் திறக்கிற கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார். "உள்ளே ஆள் விழுந்தா, உடம்பே கதவை அடைச்சுக்கும். நீங்க எப்படித் திறப்பீங்க?" ஆச்சி விழுந்த அன்றைக்கு நடந்ததும் அதுதான். கதவிடுக்கில் கையை விட்டு, அவர் காலைத் தள்ளித்தான் அப்பா திறந்திருக்கிறார். அவர் அதை எங்களிடம் அதுவரை சொன்னதில்லை.

நிலைவாசலுக்கு ரெண்டு பக்கமும் மரத்தில் சரிவுப் பலகை. மூன்று இன்ச் கட்டைக்கு மூன்று அடிப் பலகை. ஆசாரி ஒரு மணி நேரத்தில் செய்தார்.

வாசலில் எங்கள் சாய்தளத்தை உடைத்தார்கள். பழைய மூன்று படி வெளியே வந்தது.

"வந்து பார்த்ததுக்கா?"

வேலை முடிந்த அன்று அப்பா கணக்கு முடித்தார். கொத்தனார், சித்தாள், ஆசாரி, ஹார்டுவேர் கடை என்று எல்லாம் சேர்த்து 21,800 ரூபாய். கமோடு நாற்காலி அக்காவுடையது, மாத வாடகை 500.

"உனக்கு என்னம்மா தரணும்?" என்று கேட்டார். சொந்தக்காரப் பிள்ளை 'ஒண்ணும் வேண்டாம் சித்தப்பா' என்று சொல்லும் என்ற நம்பிக்கையில் கேட்ட கேள்வி அது.

"ஆயிரத்தி ஐந்நூறு சித்தப்பா."

அப்பா முகம் மாறிவிட்டது. "வந்து பார்த்ததுக்கா?"

அக்கா அமைதியாகத்தான் சொன்னார். "ஆமா. பார்த்ததுக்குத்தான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த கொத்தனார்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் புள்ள வந்து பாக்கலேன்னா நான் இன்னும் பத்து வீட்டுக்கு அதே சரிவத்தான் போட்டிருப்பேன். உங்க 6,500 போச்சுல்லா? அது பாக்காம செஞ்சதுக்கு."

அப்பா பணத்தை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம், 'சொந்தத்துக்குள்ள காசு வாங்குது பாரு' என்று முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது.

அக்காவின் தொழில் நிற்கப்போவதா விழப்போவதா என்பது அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கம்பிக்குக் காசு கொடுப்போம், சிமென்ட்டுக்குக் கொடுப்போம். கம்பி எங்கே வர வேண்டும், சிமென்ட் வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறவருக்குக் கொடுக்க மனசு வராது.

அக்காவின் நோட்டு

அக்காவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் அவருடைய தொழில் திட்டம் முழுவதும் பென்சிலில் இருக்கிறது. அழித்து அழித்து எழுதியது.

வருமானம் மூன்று வழி. ஒன்று, வீட்டுக்கு வந்து பார்த்து, அளந்து, எழுதிக் கொடுப்பதற்கான கட்டணம். ரெண்டு, தான் பழக்கிய கொத்தனாரையும் ஆசாரியையும் வைத்து வேலையை முடித்துக் கொடுத்தால் அதில் மேற்பார்வைக் கூலி. மூன்று, வாடகை. எலும்பு முறிந்தவருக்கு மூன்று மாதத்துக்கு மட்டும் தேவைப்படுகிற நாற்காலியை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

நாலாவதாக ஒன்று எழுதி, அடித்திருக்கிறது. 'கடை கமிஷன்.' ஒரு கடைக்காரர், கைப்பிடிக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொன்னாராம். "வாங்க ஆரம்பிச்சா, ஒரு கம்பி போதுங்கிற வீட்டுல மூணு கம்பி எழுதுவேன். அப்புறம் நான் பார்க்கிறதுக்கு என்ன மதிப்பு?" என்றார்.

மாதம் 12 வீடு பார்த்தால் 18,000 ரூபாய். பெட்ரோலுக்குப் போக, சென்னையில் வாங்கிய சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. முதல் மூன்று மாதத்தில் மொத்தமே 11 வீடுதான். அதில் முழுக் கட்டணமும் கொடுத்தது 7 வீடு.

கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள். ஜிபேயில் பணம் உடனே வந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில். "காசு கொடுக்கிறவர் ஒருத்தர், கக்கூஸுக்குப் போறவர் இன்னொருத்தர். ரெண்டு பேரும் வேற வேற கேப்பாங்க." ஒரு வீட்டில் மகன் புது பாத்ரூம், கலர் டைல்ஸ் என்று லட்ச ரூபாய்க்குத் திட்டம் வைத்திருந்தாராம். அந்த அம்மா கேட்டது, படுத்தபடியே போடுகிற மாதிரி ஒரு லைட் சுவிட்சு. அக்கா சுவிட்சை மட்டும் எழுதிக் கொடுத்தார். மகனுக்குப் பிடிக்கவில்லை. அந்த வீடு, கட்டணம் தராத நாலில் ஒன்று.

இன்னொரு வீட்டில், பக்கவாதம் வந்த தாத்தா. படி, கைப்பிடி எதுவும் வேண்டாம் என்றார். ஒரு கையால் வேட்டி கட்ட முடியவில்லை, பேத்தி கட்டிவிடுவதுதான் வெட்கமாக இருக்கிறது என்றார். அக்கா எழுதிக் கொடுத்தது ஒட்டிக்கொள்ளும் வேட்டி. ஆறு மாதமாக வீட்டைவிட்டு வராதவர், மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம்.

மற்ற ஊர்களில் யார் கொடுக்கிறார்கள்?

அக்காவுடன் பேசிய பிறகு, இந்தத் தடவை முக்கால் மணி நேரத்தில் முடிக்காமல் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

ஜப்பானில் 2000-ல் முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. அதில் கைப்பிடி வைக்க, படியைச் சரிசெய்ய, கதவை மாற்ற 2 லட்சம் யென் வரை செலவுக்கு வழி இருக்கிறது. செலவில் ஒரு பங்கைத்தான் அந்த வீட்டார் போடுகிறார்கள். இங்கிலாந்தில், மாற்றுத்திறனாளிகள் வீட்டை மாற்றிக்கொள்ள 30,000 பவுண்டு வரை மானியம் உண்டு. அங்கே வீட்டைப் பார்த்து எது தேவை என்று சொல்வதற்குப் பெரும்பாலும் வருவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு திட்டத்தில் ஒரு நர்ஸ், ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஒரு கைவேலைக்காரர் என்று மூன்று பேர் வீட்டுக்குப் போகிறார்கள். முதல் கேள்வி, 'உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் போதும்?' என்பதுதான். அக்கா ஆச்சியிடம் கேட்ட அதே கேள்வி.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் 2017-லிருந்து வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி தருகிறார்கள். தமிழக அரசு உலக வங்கிக் கடனுதவியுடன் நடத்தும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சக்கர நாற்காலி வந்துவிடுகிறது. வாசல்படி மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊருக்கு இதில் தனிக் கூத்து ஒன்று உண்டு. ஒரு காலத்தில் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த இளையரசனேந்தல் பிர்காவை, வருவாய்த்துறைக்காக தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி தாலுகாவோடு சேர்த்தார்கள். ஊராட்சி ஒன்றியம் மட்டும் குருவிகுளத்திலேயே நின்றுபோனது. அது இன்றைய தென்காசி மாவட்டம். ஒரு மனுவை எந்த மாவட்டத்துக்குக் கொண்டுபோவது என்று இளந்தாரிகளே குழம்பிப்போன ஊர் எங்களுடையது. வாக்கரோடு இருக்கிறவர் எங்கே போவார்?

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது கடந்தவர்கள். எங்கள் தெருவில் அதைவிட அதிகம். இளவட்டம் எல்லாம் திருப்பூர், கோவை, சென்னை. நானும் அதில் ஒருத்தி. ஒரு வீட்டுக்கு ஒரு அளவுக் கட்டணம் அரசுத் திட்டம் எதிலாவது சேர்ந்தால், அக்கா மாதிரி படித்தவர்கள் ஊரிலேயே தொழில் நடத்தலாம். அதுவரை, 'வந்து பார்த்ததுக்கா?' என்று கேட்கிற அப்பாக்களிடம்தான் அவர் வாங்கியாக வேண்டும்.

அப்பா ஒன்று செய்தார். சித்திரையில் அவருடைய நண்பர் மாடியிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். கொத்தனாரைக் கூப்பிடப் போனவரிடம் அப்பா, "மொதல்ல எங்க வீட்டுப் புள்ளயக் கூப்பிட்டுக் காட்டு. ஆயிரத்தி ஐந்நூறு வாங்கும், கொடுத்துரு" என்றாராம். அக்காவே போன் செய்து சொன்னார். குரலில் சிரிப்பு.

நான் என் பழைய பட்டியலைத் திறந்து திருத்தினேன். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கைச் சேர்த்தேன். டவல் கம்பி வேறு, கைப்பிடி வேறு என்று எழுதினேன். கதவை வெளிப்பக்கம் திறக்க வையுங்கள் என்று எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதுப் பாயின்ட்: 'எதையும் கட்டுவதற்கு முன்னால், அவர்களிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.' இரண்டாவது தடவை அது அவ்வளவாக ஓடவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஆச்சி திண்ணையில், வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏட்டி, அந்தச் சொம்புல தண்ணி கொண்டா. நா வறளுது" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். முழுச் சொம்பையும் குடித்தார்.

இன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் செய்வீர்கள்தானே? 'சாப்டீங்களா?' என்று எப்போதும் போலக் கேளுங்கள். கூடவே, 'சாயங்காலம் தண்ணி குடிச்சீங்களா?' என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்தால், திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.